இடம் மாறிக் கிடந்த எண்ணெய்

பங்குனி மாதம் பாடைகட்டி மகாமாரியம்மன் திருவிழாவுக்குச் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். வலங்கைமானில் எங்கள் வீட்டுத் திண்ணையோரம் அவருடைய புல்லட் ஒன்பது மாதமாகச் சாக்குப் போர்த்தி நின்றது. வந்த மறுநாள் விடிந்ததும் சாக்கை உருவினார். முதல் வேலையாக ஆயில் மூடியைத் திருகி, அதோடு ஒட்டியிருந்த குச்சியை வெளியே எடுத்தார். நுனியில் பிசுபிசுப்பு மட்டும் இருந்தது. பழந்துணியால் துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். அப்போதும் அதே.

“எல்லாம் ஒழுகிடுச்சு போலருக்குடா” என்று குனிந்து தரையைப் பார்த்தார். தரையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத்தான் கறை. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னைச் சைக்கிளில் கடைத்தெருவுக்கு அனுப்பி ஒரு லிட்டர் ஆயில் வாங்கிவரச் சொன்னார். டப்பாவைக் கவிழ்த்து முழுவதையும் ஊற்றினார். குச்சியில் எண்ணெய் மேல் கோடு வரை ஏறியது. அவருக்கு நிம்மதி.

ஐந்தாறு உதையில் வண்டி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் சைலன்சரிலிருந்து நீலம் பாரித்த புகை எழும்பி எதிர்வீட்டு வாசலை மறைத்தது. என்ஜின் மூச்சுவிடும் பிரீதர் குழாயிலிருந்து எண்ணெய் கொப்பளித்து, அம்மா விடியற்காலையில் போட்டிருந்த கோலத்தின் மேல் ஓடியது. சித்தப்பா சாவியைத் திருப்பி அணைத்தார்.

மெக்கானிக் அண்ணன் வந்து குந்தினார். வண்டியைத் தொடவே இல்லை. புகையையும் கோலத்தையும் பார்த்துவிட்டு, “எவ்வளவு ஊத்துனீங்கண்ணே?” என்று மட்டும் கேட்டார்.

“ஒரு லிட்டர்.”

“எண்ணெய் எங்கயும் போவலண்ணே. எடம் மாறிக் கெடந்துச்சு. நீங்க அதுக்கு மேல ஊத்திட்டீங்க.”

ஆயில் பார்ப்பது என்றாலே எனக்கு அந்தப் பேச்சுதான் நினைவுக்கு வரும். குச்சியோ கண்ணாடியோ, வண்டியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று நேராகச் சொல்வதில்லை. தான் நிற்கும் இடத்தில், அந்த நிமிடத்தில், எண்ணெய் எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்றுதான் காட்டுகிறது. மீதி முழுக்க நம் ஊகம். குடமுருட்டியில் முழங்கால் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து மேட்டூரில் எத்தனை அடி என்று சொல்ல முடியாது. மதகு திறந்திருக்கிறதா, எந்த வாய்க்காலில் முறை விட்டிருக்கிறார்கள், மழை பெய்ததா என்பதெல்லாம் தெரிந்தால்தான் அந்த முழங்கால் அளவுக்கு அர்த்தம் வரும். என்ஜின் எண்ணெயும் ஓடும் பொருள்தான். அது எப்போது எங்கே இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் குச்சி உண்மை பேசும்.

பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டில் எண்ணெய்க்கு இரண்டு அறைகள். ஒன்று தொட்டி. தனியாக வெளியே தொங்காமல், கிராங்க் கேஸ் வார்ப்புக்குள்ளேயே ஒதுக்கிய இடம் அது. குச்சி இறங்குவது அதற்குள்தான். இன்னொன்று கிராங்க் சுழலும் அறை. வண்டி ஓடும்போது இந்த இரண்டாவது அறையில் எண்ணெய் தேங்கவே கூடாது. ஒரு பம்பு தொட்டியிலிருந்து எண்ணெயை எடுத்து உள்ளே தள்ளும். அது வேலை முடிந்து கிராங்க் அறையின் அடியில் வடியும். இன்னொரு பம்பு அதை உறிஞ்சித் தொட்டிக்கே திருப்பிவிடும். கீழே எண்ணெய் தேங்காத இந்த அமைப்பைத்தான் டிரை சம்ப் என்கிறார்கள்.

காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைக்கப் படம் போட வேண்டியதில்லை. பாய்ச்சலுக்கு ஒரு வாய்க்கால், வடிவதற்கு ஒரு வடிகால். வடிகால் தூர்ந்துபோனால் பயிர் முழுகும். டிரை சம்ப் என்ஜினிலும் உறிஞ்சும் பம்பு, தள்ளும் பம்பைவிட அதிகம் இழுக்கும்படிதான் வைக்கப்படுகிறது. உள்ளே வருவதைவிட வெளியே போகும் திறன் கூடுதலாக இருந்தால்தான் கிராங்க் அறை காய்ந்திருக்கும்.

வண்டி நின்றுவிட்டால் இரண்டு பம்புகளும் நிற்கும். ஆனால் புவியீர்ப்பு நிற்பதில்லை. தொட்டியில் எண்ணெய் மட்டம் கிராங்க் அறையின் அடியைவிட உயரம். இடையே தடுப்பு என்று இருப்பது பம்பின் உலோகத் தட்டு, உலோக முகத்தில் அழுந்தி நிற்பது மட்டுமே. எவ்வளவு இழைத்தாலும் அதில் மயிரிழைச் சந்து இருக்கும், தேயத் தேய அகலமாகும். பூட்டிய மதகுப் பலகைக்கு அடியில் தண்ணீர் கசிவதுபோல, எண்ணெய் நாளெல்லாம் அந்தச் சந்து வழியே இறங்குகிறது. ஒன்பது மாதத்தில் தொட்டியின் மட்டம் குச்சி நுனிக்கும் கீழே, கிராங்க் அறையில் குளம். இது புல்லட்டுக்கு மட்டும் உள்ள குணமில்லை. டிரை சம்ப் வைத்த பழைய பிரிட்டிஷ் வண்டிகளான நார்ட்டன், டிரையம்ப், பிஎஸ்ஏ ஓட்டியவர்களும் இதே சங்கதியைச் சொல்வார்கள். வெட் சம்பிங் என்பது அவர்கள் வைத்த பெயர்.

ஆகவே அந்த வண்டிக்கு ஆயில் பார்க்க ஏற்ற நேரம், ஓட்டிவிட்டு வந்து நிறுத்திய கையோடுதான். அப்போது உறிஞ்சும் பம்பு தன் வேலையை முடித்திருக்கும், எண்ணெய் தொட்டியில் இருக்கும். காலையில் எழுந்ததும் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். அதை நம்பி ஊற்றினால் அது மிகை. மிகையான எண்ணெய் போவதற்குப் போக்கிடம் இல்லை. கிராங்கின் எடைச்சக்கரங்கள் அதை அடித்து வாரிச் சுவரெல்லாம் வீச, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி மேலே போய் எரிகிறது, புகையாகிறது. மிச்சம் பிரீதர் வழியே வாசலுக்கு வருகிறது.

புது வண்டிகளில் கதை தலைகீழ். 2009இல் வந்த கிளாசிக் போன்ற, என்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் வண்டிகளில் எண்ணெய் அடியிலேயே தேங்கி நிற்கிறது. வெட் சம்ப். வலப்பக்கம் ஒரு வட்டக் கண்ணாடி, அதையொட்டி இரண்டு அடையாளங்கள். ஓடும்போது எண்ணெய் மேலே ஏறிப்போய் வால்வுகள் மேலும், சிலிண்டர் சுவரிலும், கிளட்ச் தட்டுகளிலும், பற்சக்கரங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். நிறுத்தியவுடன் பார்த்தால் கண்ணாடியில் மட்டம் குறைவாகத் தெரியும். சில நிமிடம் விட்டால் எல்லாம் வடிந்து கீழே சேரும், அப்போது பார்க்க வேண்டும். முந்தைய வகைக்கு உடனே பார்ப்பது சரி, பிந்தைய வகைக்குப் பொறுத்துப் பார்ப்பது சரி. இரண்டுக்கும் புல்லட் என்றே பெயர் இருப்பதால், அப்பா சொல்லிக்கொடுத்த முறையை மகன் புது வண்டியில் செய்து ஏமாறுகிறான். நானே எத்தனையோ பேரிடம் இதை விளக்கியிருக்கிறேன்.

புல்லட்டை இங்கே செய்வதற்காக மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிச் ஊர் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது 1955இல். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 70 மில்லிமீட்டர் துளை, 90 மில்லிமீட்டர் வீச்சு, 346 சிசி. தமிழ்நாட்டின் நெடுஞ்சாலைகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் கேட்ட சத்தம் இந்த அளவுகளிலிருந்து வந்ததுதான். அதற்கும் வெகுகாலம் முன்பு, மோட்டார் சைக்கிள் பிறந்த புதிதில், எண்ணெய் திரும்பி வருவது என்ற பேச்சே கிடையாது. ஓட்டுபவர் சில மைலுக்கு ஒருமுறை கைப்பம்பை ஓர் அழுத்து அழுத்துவார். எண்ணெய் உள்ளே போகும், வேலை பார்க்கும், எரிந்தோ ஒழுகியோ சாலையில் போய்ச் சேரும். அழுத்த மறந்தால் என்ஜின் இறுகும், அதிகம் அழுத்தினால் புகையும். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ராயல் என்ஃபீல்டு ஓர் இரட்டை சிலிண்டர் வண்டியில் தானாகச் சுற்றிவரும் எண்ணெய் அமைப்பை வைத்தது. எண்ணெய்த் தொட்டியைக் கண்ணாடியில் செய்திருந்தார்கள். உருளையான அந்தக் குடுவையை எட்டிப் பார்த்தாலே போதும். இன்றைய வண்டியின் வட்டக் கண்ணாடிக்கு அது கொள்ளுப்பாட்டி என்று சொல்லலாம்.

அந்தக் காலத்து என்ஜின்களில் விளக்கெண்ணெய்க்கு நல்ல மதிப்பு. 1909இல் சந்தைக்கு வந்த காஸ்ட்ரால் தன் பெயரையே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்தது. நம் ஊர் மாட்டு வண்டி அச்சுக்கும் வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த மசகைத்தான் தடவினார்கள். உராய்வுக்கு எதிராக ஆமணக்கைப் பிடித்துக்கொண்டதில் தஞ்சாவூர் வண்டிக்காரரும் லண்டன் வியாபாரியும் ஒன்றுதான்.

இங்கே ஒரு கேள்வி. எண்ணெய் என்ன வேலை செய்கிறது? இரண்டு உலோகங்களுக்கு நடுவே படலமாக நிற்கிறது. அந்தப் படலத்தின் தடிமன் மைக்ரான் கணக்கு. தலைமயிர் சுமார் 70 மைக்ரான் என்றால், இது அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. புல்லட்டின் சிலிண்டரில் பிஸ்டன் போய்வரும் சுவரை விரித்துப் போட்டால் கிட்டத்தட்ட 200 சதுர சென்டிமீட்டர், ஒரு பாடப்புத்தகப் பக்கத்தைவிடச் சிறியது. அதன் மேல் 5 மைக்ரான் தடிமனுக்கு எண்ணெய் பூச எவ்வளவு வேண்டும்? 0.1 மில்லிலிட்டர். அதாவது இரண்டு சொட்டு. பேரிங்குகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டியைத் தாண்டாது. பிறகு எதற்கு இரண்டேகால் லிட்டர் ஊற்றுகிறோம்?

1883இல் லண்டன் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக பீச்சம் டவர் என்பவர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்தார். சுழலும் அச்சு கீழே எண்ணெயில் தோய்ந்திருக்கும், மேலே பேரிங் சுமையோடு உட்கார்ந்திருக்கும். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சைச் சுழற்றியதும் துளை வழியே எண்ணெய் உள்ளே போகாமல் வெளியே பொங்கி வந்தது. கார்க்கு வைத்து அடைத்தார், தள்ளிக்கொண்டு வந்தது. மரக்கட்டை அடித்தார், அதையும் தள்ளியது. அழுத்தமானி பொருத்திப் பார்த்தபோது, பேரிங் தாங்கும் சராசரிச் சுமையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. அந்த அழுத்தத்தை எந்தப் பம்பும் தரவில்லை. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துப்போய்க் குறுகிய சந்தில் ஆப்பு அடிப்பதுபோல் திணிக்கிறது, அந்த ஆப்புதான் சுமையைத் தூக்கி நிறுத்துகிறது. மூன்று ஆண்டு கழித்து, 1886இல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். மழை நாளில் வேகமாகப் போகும் கார் டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதந்து சறுக்குகிறதே, அதுவும் இதே இயற்பியல்தான். சாலையில் அது ஆளைக் கொல்லும், பேரிங்கில் இயந்திரத்தை வாழவைக்கும்.

பழைய புல்லட்டின் பிக் எண்டில், கிராங்க் பின்னுக்கும் கனெக்டிங் ராடுக்கும் நடுவே இரண்டிலும் ஒட்டாமல் மிதக்கும் ஒரு புஷ் இருந்தது. உள்முகத்தில் ஒரு படலம், வெளிமுகத்தில் ஒரு படலம். உலோகம் உலோகத்தைத் தொடாமல் எண்ணெய் ஆப்பின் மேலேயே அது காலம் தள்ளியது. தொட்டி வறண்டு பம்பு ஒரு வாய் காற்றை விழுங்கினால் போதும், ஆப்பு குலையும், உலோகம் உரசும். “பிக் எண்டு அடிக்குது” என்று மெக்கானிக்குகள் சொல்லும் அந்தக் கட்டைச் சத்தம் அதன் பின்விளைவு.

படலத்துக்குத் தேவை ஒரு தேக்கரண்டி. மிச்சமெல்லாம், அந்தத் தேக்கரண்டி ஒருபோதும் அறுந்துபோகாமல் வந்துகொண்டே இருப்பதற்கு. ஏற்றத்திலும் பிரேக்கிலும் எண்ணெய் ஒரு பக்கம் சரியும்போதும் பம்பின் வாய் மூழ்கியிருக்க வேண்டும். காற்றில் குளிரும் என்ஜினில் பிஸ்டனடிச் சூட்டைச் சுமந்து வெளியே கொண்டுவருவதும் இந்த எண்ணெய்தான். கரியைப் படியவிடாமல் சுமப்பதும் அமிலத்தை முறிப்பதும் அதன் வேலை. அளவு பாதியானால் அதே சூட்டையும் அதே அழுக்கையும் பாதி எண்ணெய் சுமக்கிறது, இரண்டு மடங்கு விரைவில் கிழடாகிறது. கீழ்க்கோட்டுக்கு இறங்குவதற்குள் ஊற்றச் சொல்வதன் காரணம் இது.

மேல் கோட்டுக்கும் காரணம் உண்டு. வெட் சம்ப் வண்டியில் கோட்டைத் தாண்டி ஊற்றினால் சுழலும் பாகங்கள் எண்ணெயில் முழுகும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50 முறை அடிக்கும், தயிர் கடைவதுபோல. நுரை பொங்கும். நுரை என்பது பாதி காற்று. காற்று அழுந்திக் கொடுக்கும், சுமை தாங்காது. எண்ணெய் நிறைய இருந்தும் பேரிங்குக்கு எண்ணெய் இல்லை என்ற நிலை வரும். குறைவால் வரும் கேட்டை எல்லோரும் அறிவார்கள். மிகையால் வருவதை அறிந்தவர்கள் குறைவு, அதனால்தான் “கொஞ்சம் கூடவே ஊத்துப்பா” என்ற குரல் பட்டறைகளில் இன்னும் கேட்கிறது.

இனி நிறுத்தும் விதம். பெரிய வண்டி 195 கிலோ கனக்கும், கையால் தூக்கினால் இடுப்பு பிடிக்கும். இடப்பக்கம் நின்று, இடக்கையில் ஹேண்டில் பார், வலக்கையில் சீட்டுக்கு அருகே உள்ள கம்பி. வலக்காலால் சென்டர் ஸ்டாண்டின் நாக்கை மெல்ல மிதித்து, அதன் இரண்டு கால்களும் ஒருசேரத் தரையில் படுவதை முதலில் உணர வேண்டும். பிறகு உடம்பு எடை முழுவதையும் அந்த நாக்கின் மேல் இறக்கினால் வண்டி தானே பின்னோக்கி ஏறிக்கொள்ளும், கை வழிகாட்டினால் போதும். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டிக்கு இன்னோர் ஆள் வேண்டும். ஒருவர் நிமிர்த்திப் பிடிக்க, ஒருவர் குனிந்து பார்க்க.

சைடு ஸ்டாண்டில் பார்த்தால் என்ன ஆகும்? கண்ணாடி நடுக்கோட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் வலப்புறம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி இடப்புறம் 10 டிகிரி சாய்ந்தால் கண்ணாடிப் பக்கம் எண்ணெய் மட்டம் சுமார் 1.8 சென்டிமீட்டர் இறங்கித் தெரியும். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைவிட இது அதிகம். நிரம்பிய வண்டி காலியாகத் தெரியும், நாம் ஊற்றுவோம். ஹார்லி டேவிட்சனின் சில மாடல்களில் சைடு ஸ்டாண்டில் சாய்ந்த நிலையிலேயே பார்க்கும்படி குச்சியில் கோடு போட்டிருக்கிறார்கள். அந்த வண்டியை நிமிர்த்திப் பார்ப்பது தப்பு. கோடு எந்த நிலைக்காகப் போடப்பட்டதோ அந்த நிலையில் பார்க்க வேண்டும், அவ்வளவே. ஹோண்டா வகை வண்டிகளின் குச்சியும் இப்படித்தான். துடைத்துவிட்டு மரையில் திருகாமல் சும்மா உட்காரவைத்து எடுக்க வேண்டும். திருகி இறக்கினால் குச்சி கூடுதலாக முழுகி, இல்லாத எண்ணெயை இருப்பதாகக் காட்டும்.

மட்டமான தரை எங்கே என்பது அடுத்த சிக்கல். எங்கள் பக்கத்து வாசல்கள் மழைத் தண்ணீர் தெருவுக்கு ஓடட்டும் என்று சரித்துப் போடப்பட்டவை. தெருவோ நடுவில் உயர்ந்து ஓரம் தாழ்ந்தது. கண்ணுக்கு மட்டமாகத் தெரிவதை நம்ப முடியாது என்பதை நடவு வயல் நன்றாகவே கற்றுத்தரும். பரம்படித்து முடித்த வயலில் தண்ணீர் கட்டிய பிறகுதான் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரியும், விரற்கடை மேடுகூடத் தலையை நீட்டும். வாசலிலும் ஒரு சொம்பு தண்ணீரைச் சாய்த்துப் பாருங்கள். ஓடாமல் நாலாபக்கமும் பரவி நிற்கும் இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் அந்த இடம் மாட்டுக்கொட்டகைத் தரை.

சூடும் கணக்கில் வரும். எண்ணெய் ஒவ்வொரு டிகிரிக்கும் தன் கன அளவில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஏழு பங்கு விரிகிறது. இரண்டு லிட்டர் எண்ணெய் விடியற்காலை 25 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்கு ஏறினால் 80 மில்லிலிட்டருக்குச் சற்று மேல் கூடித் தெரியும், அரை டம்ளர். யாரும் ஊற்றவில்லை, யாரும் எடுக்கவில்லை. இன்று குளிர்ந்த வண்டியிலும் நாளை கொதிக்கும் வண்டியிலும் பார்த்து இரண்டையும் ஒப்பிட்டால் இல்லாத குறை தெரியும், உள்ள குறை மறையும். அதைவிட முக்கியம் பாகுநிலை. 15டபிள்யூ50 எண்ணெய் 100 டிகிரியில், 40 டிகிரியில் இருந்ததைப்போல ஏழில் ஒரு பங்கு கெட்டிதான் இருக்கும். சூடான எண்ணெய் சீக்கிரம் வடியும், குளிர்ந்தது சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கும். அதனால்தான் சற்று ஓடவிட்டு, அணைத்து, பிறகு பொறு என்று கையேடு சொல்கிறது. அந்தப் பெயரில் உள்ள டபிள்யூ குளிர்காலத்தைக் குறிப்பது. வலங்கைமானுக்கு அந்தப் பாதியால் பெரிய பயனில்லை. நமக்கு வேண்டியது பின்னால் வரும் 50.

கண்ணாடியைப் பார்க்கும்போது கண் அதே உயரத்தில் இருக்க வேண்டும், கிட்டத்தட்டத் தரையில் உட்காரத்தான் வேண்டும். பல ஆண்டு ஓடிய வண்டியில் கண்ணாடிக்கு உள்ளே பழுப்புக் கறை படிந்து, எண்ணெய் மட்டம் போலவே ஒரு கோடு நிற்கும். வண்டியை இலேசாக ஆட்டினால் நிஜ எண்ணெய் அலை அடிக்கும், கறை அசையாது. ஆட்டாமல் பார்த்த பார்வை பார்வையே அல்ல என்பது என் எண்ணம்.

மட்டம் சரியாக இருந்தும் எண்ணெய் சரியாக இல்லாமல் போகலாம். நம் ஊர் ஓட்டத்துக்கு இது நன்றாகவே பொருந்தும். வீட்டிலிருந்து வயலுக்கு இரண்டு கிலோமீட்டர், வயலிலிருந்து உரக்கடைக்கு ஒரு கிலோமீட்டர், மறுபடி வீடு. என்ஜின் முழுச்சூடு ஏறுவதற்குள் அணைத்துவிடுகிறோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் தண்ணீர் அது. பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். சிறிதளவு ரிங்குகளைத் தாண்டிக் கிராங்க் அறைக்குள் இறங்கும், எரியாத பெட்ரோலும் கூடவே வரும். நீண்ட தூரம் ஓடி எண்ணெய் நன்றாகச் சுட்டால் இரண்டும் ஆவியாகி வெளியேறும். குட்டிக் குட்டி ஓட்டத்தில் அவை உள்ளேயே தங்குகின்றன. எண்ணெய் கொஞ்சம் எரிந்து குறைய, அந்த இடத்தைத் தண்ணீரும் பெட்ரோலும் நிரப்ப, கண்ணாடியில் மட்டம் மாறாமல் நிற்கிறது. சில வண்டிகளில் ஏறக்கூடச் செய்யும். ஊற்றாமலே மட்டம் ஏறினால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, கவலைப்பட வேண்டும்.

அதனால் மட்டத்தோடு எண்ணெயையும் பார்க்க வேண்டும். மூடியின் உட்புறம் பால் ஏடு போல வெளுத்த பசை படிந்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. கார்த்திகை மழையில் தெருத் தண்ணீரில் முழுகிய வண்டியில் எண்ணெயே பால் தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கும். அதை ஓட்டவே கூடாது, முழுவதும் மாற்ற வேண்டும். பெட்ரோல் வாடை அடித்தால் அதுவும் செய்திதான். இரண்டு விரலுக்கு நடுவே ஒரு சொட்டைத் தேய்த்து வெயிலில் பிடித்தால், மினுக்கும் துகள் தெரிகிறதா என்று பார்க்கலாம். கறுப்பு நிறத்துக்கு மட்டும் அஞ்ச வேண்டாம். எண்ணெயில் கலந்துள்ள அழுக்குநீக்கி, கரியைப் படியவிடாமல் தன்னோடு சுமப்பதன் அடையாளம் அது. மாற்றிப் பல மாதம் ஆகியும் தேன்போலத் தெளிவாக இருக்கும் எண்ணெயைப் பற்றித்தான் நான் யோசிப்பேன்.

கார் எண்ணெயை ஊற்றலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பழைய புல்லட்டில் என்ஜினுக்கும், கியர் பாக்ஸுக்கும், கிளட்ச் இருக்கும் செயின் கேஸுக்கும் தனித்தனி எண்ணெய். இன்றைய வண்டியில் மூன்றுக்கும் ஒன்றே. உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள கார் எண்ணெய் கிளட்ச் தட்டுகளை வழுக்கவைக்கும். ஜப்பானின் ஜாஸோ அமைப்பு இதற்கென்றே 1998இல் ஒரு தரம் வகுத்தது. டப்பாவில் ஜாஸோ எம்ஏ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். சூட்டிலும் எண்ணெய் நீர்த்துப்போகாமல் பிடித்து நிறுத்தும் நீண்ட பாலிமர் சங்கிலிகளைக் கியர் பற்கள் நறுக்கிக்கொண்டே இருக்கின்றன. மட்டம் இம்மி குறையாமலேயே எண்ணெய் பலமிழப்பது இப்படி. கையேடு சொன்ன கிலோமீட்டரில் மாற்றச் சொல்வது வியாபாரத்துக்காக மட்டுமல்ல.

அன்று மெக்கானிக் அண்ணன் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். வண்டியைக் கொட்டகைத் தரைக்குத் தள்ளிவரச் சொன்னார். அடியில் அலுமினியச் சட்டியை வைத்து, முதலில் கிராங்க் அறையின் டிரெயின் போல்ட்டைக் கழற்றினார். காய்ந்திருக்க வேண்டிய அறையிலிருந்து விரல் தடிமனுக்கு எண்ணெய் விழுந்தது. சித்தப்பா எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது நின்ற பிறகு தொட்டியின் போல்ட். எல்லாம் வடிந்ததும், வீட்டில் மண்ணெண்ணெய் அளக்கும் லிட்டர் குவளையை வாங்கி, சட்டியிலிருந்ததை ஒவ்வொன்றாக அளந்து பழைய டின்னில் ஊற்றினார். என்னை எண்ணச் சொன்னார்.

ஒன்று. இரண்டு. மூன்றாவது குவளை கழுத்து வரை வந்தது.

“வண்டி குடிக்கிறது ரெண்டேகால். நீங்க ஊத்துனது ஒண்ணு. ஆக மொத்தம் மூணேகால். மிச்சம் கால் லிட்டர் எங்க தம்பி?” என்று என்னைப் பார்த்தார்.

நான் வாசலைக் காட்டினேன். அம்மா சாம்பலைத் தூவிக் கோலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.